அப்பாவுக்கு மார்ஃபின் மாத்திரை வாங்கினால் போலீஸ் கேஸ் ஆகுமா?

தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிட்டேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அப்பாவுக்கு 67 வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவிவிட்டது. சென்னையில் பார்த்த புற்றுநோய் மருத்துவர், இனி கீமோவால் பயன் இல்லை, வலியைக் கட்டுக்குள் வைப்போம் என்று சொல்லி, 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதி, பதினைந்து நாளைக்கு அங்கேயே கொடுத்தனுப்பியிருக்கிறார். அது தீரப்போகிறது என்று ஊரில் ஆறு மெடிக்கலில் கேட்டிருக்கிறார்கள். ஐந்து கடையில் இல்லை. ஆறாவது கடைக்காரர் சீட்டைக் கையில்கூட வாங்காமல், "இதெல்லாம் வெச்சிருந்தா என்னையத் தூக்கி உள்ள போட்டுருவாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் சிக்கல். தம்பி குரூப் 2 தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார், "போதை மாத்திரை வாங்கப் போய் என் பேர்ல ஒரு கேஸ் விழுந்தா வேலை போச்சு" என்று சென்னைக்குப் போக மறுக்கிறார். "மார்ஃபின் ஆரம்பிச்சா ஆள் முடிஞ்சாருன்னு அர்த்தம்" என்கிறார் சித்தப்பா. அம்மா மாத்திரை அட்டையை உளுந்து டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, அப்பா தாங்க முடியாமல் கத்தும்போது மட்டும் பாதி பாதியாக உடைத்துக் கொடுக்கிறார், பழகிவிடக் கூடாதாம். இதற்கு நடுவில் தெருக்கோடியில் ஒரு பையன், "வலி மாத்திரைதானக்கா, நான் அட்டை கொண்டாந்து தர்றேன்" என்கிறானாம். அவனிடம் வாங்கலாமா, அப்பா அடிமையாகிவிடுவாரா, சட்டப்படி எங்களுக்கு இந்த மருந்தை வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்பவை இவருடைய கேள்விகள்.

சகோதரி, எல்லாவற்றுக்கும் முன்னால், கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரிக்கு வருகிறேன். இரண்டு நாளாக அப்பாவுக்குக் கால் மரத்த மாதிரி இருக்கிறது, பாத்ரூம் போகத் தடுமாறுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இதை உங்களுக்கு அன்றைக்கே தனியாக எழுதிவிட்டேன், இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கேயும் சொல்கிறேன். முதுகெலும்பில் புற்று பரவியவருக்குக் கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் நின்றாலோ அது தண்டுவடம் நசுங்குவதற்கான அறிகுறியாக இருக்கலாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்கேன் எடுத்து, ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் நேரத்தில் கொடுத்தால் நடை தப்பிக்க வாய்ப்பு உண்டு, நாலு நாள் பார்த்துக்கலாம் என்று விட்டால் படுக்கைதான். மார்ஃபின் பேச்சு அதற்குப் பிறகுதான்.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

தம்பி பயப்படுகிற சட்டம் 1985இல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் தடுப்புச் சட்டம், என்டிபிஎஸ் என்பார்கள். அதன் 8ஆவது பிரிவு மார்ஃபின் போன்றவற்றைத் தயாரிப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது, கொண்டுபோவது எல்லாவற்றையும் தடை செய்கிறது. ஆனால் அதே பிரிவிலேயே, மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும், விதிகளில் சொன்ன முறைப்படி என்றால் தடை இல்லை என்றும் இருக்கிறது. யாரோ பின்னால் போட்ட சலுகை இல்லை இது, முதல் நாளிலிருந்தே சட்டத்தில் இருப்பது. மருத்துவர் எழுதிக் கொடுத்து, அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியிலிருந்து முறையாக வாங்கிய மாத்திரை அப்பாவிடம் இருப்பது குற்றமே கிடையாது. அவருக்காகப் போய் வாங்கிவரும் மகனும் குற்றவாளி இல்லை.

தைரியத்துக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவரின் பதிவு எண்ணும் ஆஸ்பத்திரி முத்திரையும் உள்ள சீட்டு, மருந்து கொடுத்த ரசீது, அப்பாவின் ஆதார் நகல், இந்த நான்கையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு மாத்திரையோடு கொண்டுபோங்கள். பஸ்ஸில் யார் பையைச் சோதித்தாலும் அந்தக் கவரை நீட்டினால் போதும். அப்பாவுக்கு எழுதியது அப்பாவுக்கு மட்டும்தான், மூட்டுவலி என்று பெரியம்மா கேட்டாலும் ஒன்றுகூடத் தரக்கூடாது.

தம்பியைத் திட்டாதீர்கள்

அவர் பயம் முட்டாள்தனமானது இல்லை, அதற்கு நாற்பது வருட வரலாறு இருக்கிறது. 1985இல் இந்தச் சட்டம் வந்தபோது பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருடம். கடத்தல்காரனுக்கு வைத்த பொறி அது, சரி. ஆனால் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கணக்கு நோட்டில் நாலு மாத்திரை இடித்தால்கூட என்ன ஆகுமோ என்று பார்மசிஸ்ட் நடுங்குகிற நிலை வந்தது. பிடிபட்ட அளவைப் பொறுத்துத் தண்டனை என்று மாற்றியது 2001இல்தான். அதோடு உரிமங்கள். பல மாநிலங்களில் மார்ஃபினை வாங்க, கொண்டுவர, வைத்திருக்க, கொடுக்க என்று நான்கைந்து உரிமம், கலால் துறையில் ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டில் ஒன்று, எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகிவிடும். எந்த ஆஸ்பத்திரி நிர்வாகம் இதற்குள் தலையை விடும்? நமக்கெதற்கு வம்பு என்று அலமாரியைக் காலி செய்துவிட்டார்கள். நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 97 சதவீதம் குறைந்து, 1997இல் வெறும் 18 கிலோவில் வந்து நின்றது. இத்தனை கோடி பேருக்கு 18 கிலோ.

இதில் எனக்கு ஆற மாட்டாத எரிச்சல் ஒன்று உண்டு. மார்ஃபின் எடுக்கிற அபினை அரசாங்கமே உரிமம் கொடுத்து மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவிக்கிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் சொந்த ஆலைகள் இருக்கின்றன. இங்கே விளைந்த அபின் வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் நம்மூர்ப் புற்றுநோய் வார்டுகளில் பாரசிட்டமாலைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும், எந்தச் சர்வதேச ஒப்பந்தத்தைக் காட்டி இந்தச் சட்டத்தைப் போட்டார்களோ அந்த 1961ஆம் வருட ஒப்பந்தத்தின் முகப்புரையே, வலி தீர்க்க இந்த மருந்துகள் தவிர்க்க முடியாதவை, இவை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நம் ஆட்கள் தடை செய்கிற பாதியைப் பிடித்துக்கொண்டு, மருந்து கிடைக்கச் செய்கிற பாதியை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு சேதமும் நடந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்களே மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமல் படித்து வெளியே வந்தார்கள். என்னோடு மருத்துவம் படித்த பலருக்கு அது பரீட்சையில் வரும் ஒரு ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான். உங்கள் ஊர் டாக்டர் "அதெல்லாம் கடைசியில பார்த்துக்கலாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கல்நெஞ்சக்காரராக இருக்க வேண்டியதில்லை, எழுதிப் பழகாதவராக இருப்பார்.

2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் டெல்லிக்கு நடந்து நடந்து கேட்டது அது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதன்படி மறுவருடம் இன்றியமையாத மருந்துகள் என்று தனியாகப் பிரிக்கப்பட்டன. அதே வருடம் விதிகளும் வந்தன. அந்த நான்கைந்து உரிமங்கள் போய், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஓர் ஆஸ்பத்திரியை அங்கீகரித்தால் போதும், அது மார்ஃபினை வாங்கி வைத்து நோயாளிக்குக் கொடுக்கலாம் என்றானது. பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும், கணக்கு சரியாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, காகிதத்தில் இன்று பெரிய தடை இல்லை. அந்த ஆறாவது கடைக்காரர் மனதில் மட்டும் இன்னும் 1985 ஓடிக்கொண்டிருக்கிறது, தினசரியில் "போதை மாத்திரை விற்ற மூவர் கைது" என்று வருகிற ஒவ்வொரு செய்தியும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

அப்பா அடிமையாகிவிடுவாரா

வலிக்காக, மருத்துவர் கண்காணிப்பில், அளவாக எடுக்கிற புற்றுநோயாளிக்கு அது நடப்பது அரிது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், வயிற்றுப்போக்கு, நடுக்கம், பதற்றம் எல்லாம் வரும், அது உடம்பு மருந்துக்குப் பழகியதன் விளைவு. ஸ்டீராய்டையும் பிரஷர் மாத்திரைகள் சிலவற்றையும்கூடத்தான் நாங்கள் சட்டென்று நிறுத்த விடமாட்டோம். அதைப் போதைக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. டோஸ் கூடிக்கொண்டே போகிறதே என்பீர்கள். பெரும்பாலும் நோய் கூடுவதால்தான் அது கூடுகிறது.

இப்போது உங்கள் அம்மா செய்வதற்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தச் சாதா மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதைக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தால் வலி தலை தூக்குவதற்குள் அடுத்த டோஸ் போய்ச் சேர்ந்துவிடும். கத்தும்போது மட்டும், அதுவும் பாதி கொடுத்தால், ஏறி நிற்கிற வலியை அந்தப் பாதியால் இறக்க முடியாது. கொஞ்சம் அடங்கும், திரும்ப எகிறும். அப்புறம் என்ன ஆகும்? "அப்பா எந்நேரமும் மாத்திரை மாத்திரைன்னே கேக்குறார், உளுந்து டப்பாவையே பார்த்துட்டு இருக்கார்" என்று நீங்கள் எழுதியது ஆகும். அதைப் பார்த்து அம்மா, பார்த்தியா பழகிட்டார் என்று இன்னும் குறைக்கிறார். வலிக்கிற மனுஷன் மருந்து கேட்கிறார், அவ்வளவுதான் சகோதரி. சரியான டோஸ் சரியான நேரத்துக்குப் போனால் அவர் அந்த டப்பாவை மறந்துவிட்டுப் பேப்பர் கேட்பார், பேரப்பிள்ளையைக் கேட்பார். போதைக்கு அடிமையானவர் மாத்திரை கிடைத்த பிறகு குடும்பத்தைவிட்டு விலகிப்போவார். வலி அடங்கியவர் குடும்பத்துக்குள் திரும்பி வருவார்.

அதற்காக இன்றே நீங்களாக டோஸை முழுசாக ஏற்றிவிடாதீர்கள். மருத்துவரிடம் இதுவரை உண்மையில் ஒரு நாளைக்கு எத்தனை பாதி உள்ளே போனது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், சீட்டில் இருக்கிற முழு அளவும் போய் வலி நிற்கவில்லை என்று நினைத்து அதற்கு மேல் எழுதிவிடுவார், அது ஆபத்து. வயதும் சிறுநீரகமும் பார்த்துத்தான் அவர் அளவை முடிவு செய்வார். பொதுவாக காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் குறித்துக் கொடுப்போம், இரவு டோஸைச் சிலருக்கு இரட்டிப்பாக்கி நடுராத்திரி எழுப்பாமல் தூங்க விடுவோம். உங்கள் அப்பாவுக்கு எப்படி என்று கேட்டு, தினசரி காலண்டர் தாளில் நேரத்தைக் குறித்து வாருங்கள்.

மார்ஃபினோடு மலமிளக்கி கட்டாயம். இதை எழுதாமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். வாழைப்பழம், கீரையெல்லாம் இதற்குப் போதாது. மாத்திரை சேரவில்லை என்று பாதியில் நிறுத்துகிறவர்களில் பலர் மலச்சிக்கலால்தான் நிறுத்துகிறார்கள். குமட்டல் முதல் சில நாள் இருக்கும், அதற்கும் மருந்து உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்குவார், பயப்படாதீர்கள், வாரக்கணக்கில் தூங்காத உடம்பு. எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு ரொம்ப மெதுவாகப் போவது, உடம்பு திடுக் திடுக்கென்று வெட்டுவது, குழப்பமாகப் பேசுவது, இதில் எது வந்தாலும் அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். தூக்க மாத்திரையோ சாராயமோ கூடச் சேரக்கூடாது.

சித்தப்பா சொன்னதற்கும் பதில் இருக்கிறது. அளவாகக் கொடுக்கிற மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. பலருக்கு இது கடைசிக் கட்டத்தில்தான் எழுதப்படுகிறது, கொடுத்த கொஞ்ச நாளில் ஆள் போய்விடுகிறார், பழி மாத்திரை மேல் விழுகிறது. மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தெருக்கோடிப் பையன்

அவனிடம் வாங்கவே வாங்காதீர்கள். அவன் கொண்டுவருவது அநேகமாக டேபென்டடால், இல்லையென்றால் டிராமடால். இரண்டும் வலி மருந்துகள்தான், ஆனால் ஏற்கெனவே மார்ஃபின் உள்ளே இருக்கிற உடம்பில் அளவு தெரியாமல் சேர்ந்தால் மூச்சை அடக்கும். அந்த அட்டை அசலா என்பதும் யாருக்கும் தெரியாது. அப்புறம் சட்டம். தம்பி எதற்குப் பயப்படுகிறாரோ அந்தக் கேஸ் இங்கேதான் காத்திருக்கிறது. டிராமடால் 2018 முதல் என்டிபிஎஸ் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சீட்டில்லாமல் சிறு அளவு வைத்திருந்தாலும் ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

யோசித்துப் பாருங்கள், முதுகெலும்பில் புற்று இருக்கிறவருக்கு ஆறு கடையில் மாத்திரை இல்லை, ஊசியில் கரைத்துப் போட்டுக்கொள்கிற பையன்களுக்கு அதே தெருவில் அட்டை அட்டையாக இருக்கிறது. கெடுபிடி யாரைத் தடுத்தது, யாரை விட்டது என்று இந்த ஒரு கடிதமே காட்டுகிறது. கொஞ்சம் தளர்த்தினால் மருந்து தெருவுக்குக் கசிந்துவிடும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். கோழிக்கோட்டில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மார்ஃபினை வீட்டுக்கே கொடுத்தனுப்பி இரண்டு வருடம் கவனித்த ஆய்வு ஒன்று 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்து தவறாகப் போனதாக ஒரு சம்பவம்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

எங்கே வாங்குவது

மெடிக்கல் கடைகளில் இனியும் அலையாதீர்கள், இது ஆஸ்பத்திரியில் கிடைக்கிற மருந்து. முதலில் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எங்கள் பக்கத்தில் மார்ஃபின் வைத்திருக்கும் இடம் எது, அங்கே மாற்றிவிடக் கடிதம் தர முடியுமா என்று கேளுங்கள். மாவட்டத் தலைநகரத்து அரசு மருத்துவக் கல்லூரியில் பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் வேதனையையும் தணிக்கிற சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், வெளி நோயாளி வரிசையில் சொல்லத் தெரியவில்லை என்றால் புற்றுநோய்ப் பிரிவிலோ மயக்கவியல் பிரிவிலோ கேளுங்கள், பல இடங்களில் வலி மருத்துவத்தை அவர்கள்தான் பார்க்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்துவிடுங்கள். அவர் கையில் மார்ஃபின் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், புண், மலச்சிக்கல், படுக்கைப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் உதவுவார், எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம். திருவனந்தபுரத்தில் இயங்கும் பாலியம் இந்தியா அமைப்பு மாநிலவாரியாக இப்படிப்பட்ட மையங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது.

அலைவதற்கு முன்னால் போனில் ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள், அங்கீகாரம் இருந்தும் இருப்பு இல்லாத இடங்கள் உண்டு. அட்டையில் ஐந்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள், கடைசி மாத்திரை வரை காத்திருக்க வேண்டாம். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு நன்றாகக் குறையும், ஏற்கெனவே கொடுக்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். உளுந்து டப்பா வேண்டாம், பூட்டுகிற பீரோவில் வையுங்கள், தெருவில் அந்தப் பையன் இருக்கிறான், உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையும் இருக்கிறது. மிஞ்சுகிற மாத்திரையைக் கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே எண்ணித் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரையை நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், அவர் பெயர் எங்கேயும் வர வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். அங்கே வரிசையில் நிற்கிற பத்துப் பதினைந்து குடும்பத்தை அவர் பார்க்கட்டும், பார்மசிஸ்டிடம் தன் சந்தேகத்தை அவரே கேட்கட்டும். அடுத்த தடவை அவர் தனியாகப் போவார் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.